நுரையீரல் ஊசி போடலாமா? மருத்துவச் சான்றை நாமே படித்துப் பார்க்கும் வழி

ஏழாம் மாதத்திலேயே வலி எடுத்துவிடுகிறது. அடித்துப் பிடித்து மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். "குழந்தையோட நுரையீரல் முதிர ஒரு ஊசி போடணும்மா, ஸ்டீராய்டு" என்கிறார் டாக்டர். ஸ்டீராய்டு என்ற சொல் காதில் விழுந்ததும் மாமியார் முகம் மாறுகிறது. "ஏழாம் மாசக் குழந்தை தங்கும், எட்டாம் மாசம்தான் தங்காது, ஊசியெல்லாம் எதுக்கு?" என்கிறார். சித்தப்பா வராந்தாவில் நின்று செல்போனில் தேடுகிறார். பத்து நிமிடத்தில் அவர் கையில் இரண்டு செய்திகள். இந்த ஊசி குறைமாதக் குழந்தைகளின் உயிரைக் காக்கிறது என்கிறது ஒன்று. இந்த ஊசியைப் பரப்பிய ஊர்களில் குழந்தை இறப்பு கூடியது என்கிறது மற்றொன்று.

இரண்டும் வதந்தி இல்லை. நல்ல மருத்துவ இதழ்களில் வந்த பெரிய ஆய்வுகள்தான் இரண்டும். சித்தப்பா இப்போது என்ன செய்ய வேண்டும்?

இந்த ஒரே ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு மருத்துவச் சான்றை எப்படித் தேடுவது, படிப்பது, சந்தேகிப்பது, ஏற்பது என்று படிப்படியாகப் பார்ப்போம். நர்சிங், மருத்துவம் படிப்பவர்களுக்கும் செய்தி எழுதுகிறவர்களுக்கும் வீட்டில் "நீதானே நெட்ல பாப்பே, பாரு" என்று பொறுப்பு தலையில் விழுந்தவர்களுக்கும் இது பயன்படும்.

முதலில் ஒரு கதை

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் நுரையீரல் விரிந்து நிற்காது. காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபேக்டன்ட் என்ற வழுவழுப்பான பொருள் அதற்குள் போதிய அளவு சுரந்திருக்காது. 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, 39 மணி நேரத்தில் இதனால்தான் இறந்தான். அதிபர் வீட்டுக் குழந்தைக்கே அன்று வழி இல்லை.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரகாம் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவ வலியைத் தொடங்கி வைப்பது எது என்று ஆடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். கருவிலிருந்த ஒரு குட்டிக்கு ஸ்டீராய்டு செலுத்தியிருந்தார். அது வெகு சீக்கிரம் பிறந்துவிட்டது. செத்துக் கிடக்க வேண்டிய குட்டி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. நுரையீரலைப் பார்த்தால் ஓரளவு விரிந்திருந்தது. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து 282 தாய்மார்களிடம் இதைச் சோதித்தார். முடிவுகள் 1972இல் வெளிவந்தன. எதிர்பாராமல் வலி கண்ட தாய்மார்களில், ஊசி பெறாதவர்களின் குழந்தைகளில் பிறந்த முதல் சில நாட்களில் இறந்தவை 15%. பெற்றவர்களின் குழந்தைகளில் 3.2%.

இதன் பிறகும் ஊசி பரவவில்லை. அடுத்தடுத்து பல ஆய்வுகள் நடந்தன. பெரும்பாலானவை சின்ன ஆய்வுகள். "பயன் இருக்கலாம், உறுதியில்லை" என்ற முடிவோடு ஒவ்வொன்றும் தனித்தனியே நின்றது. யாரும் அவற்றை ஒரே மேசையில் பரப்பிப் பார்க்கவில்லை. முறையாக எல்லாவற்றையும் திரட்டிய முதல் மீளாய்வு 1989இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பல்லாயிரம் குழந்தைகள் வீணாக இறந்திருக்கலாம் என்பது கணிப்பு.

ஆர்ச்சி காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1979லேயே இதைக் குறையாகச் சொல்லியிருந்தார். துறைவாரியாக எல்லா ஆய்வுகளையும் திரட்டி, அவ்வப்போது புதுப்பித்து வைக்க நம் தொழிலுக்குத் தெரியவில்லையே என்பது அவர் ஆதங்கம். அவர் பெயரில் 1993இல் காக்ரேன் அமைப்பு உருவானது. அதன் வட்டச் சின்னத்துக்குள் சில கிடைக்கோடுகளும் ஒரு வைர வடிவமும் இருக்கும். அலங்காரத்துக்குப் போட்டதல்ல அது. இந்த ஊசியைப் பற்றிய ஏழு ஆய்வுகளின் முடிவுப் படம். அதை வாசிக்கக் கற்றுக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அதற்குமுன் மூன்று படிகள்.

படி 1: கேள்வியை நாலாக உடையுங்கள்

"ஸ்டீராய்டு நல்லதா?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. யாருக்கு, என்ன கொடுத்து, எதோடு ஒப்பிட்டு, எந்த விளைவைப் பார்க்கிறோம் என்று நான்கையும் சொல்ல வேண்டும். நம் கேள்வி இப்படி வரும்: 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகக்கூடிய தாய்க்கு, பீட்டாமெத்தசோன் அல்லது டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டால், போடாததோடு ஒப்பிடும்போது, பிறந்த 28 நாளுக்குள் குழந்தை இறப்பது குறைகிறதா?

நான்காவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நோயாளிக்கு முக்கியமான விளைவை விட்டுவிட்டு, அளப்பதற்குச் சுலபமான ஒன்றைப் பிடித்துக்கொள்வது வழக்கம். மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயத்துடிப்பு தாறுமாறானால் ஆபத்து என்பதால், அதை அடக்கும் மாத்திரைகளை ஒரு காலத்தில் தாராளமாக எழுதினார்கள். ஈசிஜியில் துடிப்பு ஒழுங்காகத்தான் தெரிந்தது. அமெரிக்காவில் நடந்த காஸ்ட் என்ற ஆய்வு, ஆள் பிழைக்கிறாரா என்று பார்த்தது. ஃபிளெக்கனைடு, என்கனைடு மாத்திரை எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேர். ஈசிஜி அழகாக இருந்தது, ஆள்தான் இல்லை. ஆகவே "கொழுப்பைக் குறைக்கும்", "எதிர்ப்பு சக்தி அளவைக் கூட்டும்" என்ற தலைப்பைப் பார்த்தால், "சரி, அதனால் ஆளுக்கு என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள்.

படி 2: தேட வேண்டிய இடம்

கூகுளில் தமிழில் தட்டினால் முதலில் வருவது யூடியூப். அங்கே நேரம் போக்க வேண்டாம். காக்ரேன் நூலகத்தில் தொடங்குங்கள். மீளாய்வுகளின் சுருக்கத்தை யாரும் இலவசமாகப் படிக்கலாம். மருத்துவம் படிக்காதவர்களுக்கான எளிய சுருக்கங்களும் அங்கே உண்டு. அவற்றில் பல தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டிருக்கின்றன. காக்ரேனின் தெற்காசிய மையம் செயல்பட்டது நம் வேலூர் சிஎம்சியில்தான்.

அங்கே இல்லையென்றால் பப்மெட். 3 கோடிக்கும் அதிகமான கட்டுரைகளின் பட்டியல் அது. மூழ்கிவிடாமல் இருக்க, இடப்பக்கம் உள்ள வடிகட்டியில் சிஸ்டமேடிக் ரிவ்யூ என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒரே தலைப்பில் நாலைந்து வந்தால் புதியதிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். புதியது என்பதாலேயே அது நல்லதாகிவிடாது. அதைத்தான் அடுத்த படியில் சோதிக்கப் போகிறோம்.

படி 3: சமையலறையை எட்டிப் பாருங்கள்

ஒருவர் தனக்குப் பிடித்த பத்துக் கட்டுரைகளை எடுத்து, படித்து, கருத்துச் சொன்னாலும் அதை மீளாய்வு என்றுதான் சொல்வார். முறைசார் மீளாய்வு, அதாவது சிஸ்டமேடிக் ரிவ்யூ, வேறு. இன்ன கேள்வி, இன்ன இடங்களில் தேடுவோம், இன்ன ஆய்வைச் சேர்ப்போம், இன்னதைத் தள்ளுவோம் என்று தேடும்முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். ஆட்டம் முடிந்தபின் கோட்டை மாற்றக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. காக்ரேன் தன் திட்ட அறிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. மற்றவர்கள் பெரும்பாலும் பிராஸ்பெரோ என்ற பதிவேட்டில் பதிகிறார்கள்.

கட்டுரையின் செய்முறைப் பகுதியில் நான் முதலில் பார்ப்பது தேடிய தேதி. கட்டுரை 2023இல் வந்திருக்கும், தேடலை 2019இல் நிறுத்தியிருப்பார்கள். இடையில் பெரிய ஆய்வு ஏதும் வந்திருந்தால் போச்சு. அடுத்து, ஆய்வுகளைப் பொறுக்கியது இரண்டு பேர் தனித்தனியாகவா என்று பார்ப்பேன். ஒருவர் கண்ணுக்குத் தப்புவது மற்றவர் கண்ணில் படும். பிறகு பிரிஸ்மா வரைபடம்: எத்தனை கட்டுரைகள் கிடைத்தன, எத்தனை எதனால் கழிந்தன, கடைசியில் எத்தனை மிஞ்சின என்று காட்டும் பெட்டிகளும் அம்புகளும். இந்த வரைபடமே இல்லையென்றால் நான் பெரும்பாலும் அங்கேயே மூடிவிடுவேன்.

படி 4: அந்தப் படத்தை வாசியுங்கள்

இதற்கு ஃபாரஸ்ட் பிளாட் என்று பெயர். பார்த்தால் பயமுறுத்தும், பழகினால் பஞ்சாங்கம் பார்ப்பதைவிடச் சுலபம்.

நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒன்றுதான் என்பதன் இடம் அது. அதன்மேல் எண் 1 இருக்கும். ஒவ்வொரு கிடைக்கோடும் ஓர் ஆய்வு. கோட்டின் நடுவிலுள்ள சதுரம் அந்த ஆய்வு கண்ட முடிவு. கோட்டின் நீளம் அந்த ஆய்வுக்கு உள்ள தடுமாற்றம். சின்ன ஆய்வின் கோடு நீளமாகக் கிடக்கும், பெரிய ஆய்வின் கோடு குட்டையாக இருக்கும். கோடு நடுக்கோட்டைத் தொட்டால், பயன் இருக்கிறதா இல்லையா என்று அந்த ஆய்வால் மட்டும் சொல்ல முடியவில்லை என்று பொருள். இறப்பு போன்ற கெட்ட விளைவை எண்ணும்போது, நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் இருந்தால் மருந்துக்குச் சாதகம்.

காக்ரேன் சின்னத்தில் பெரும்பாலான கோடுகள் நடுக்கோட்டை வெட்டிக்கொண்டுதான் நிற்கின்றன. தனித்தனியாகக் கேட்டால் எதுவும் உறுதியாகப் பேசாது. ஏழையும் எடைபோட்டுக் கூட்டிய வைர வடிவமோ தெளிவாக இடப்பக்கம் விழுகிறது. இந்தக் கூட்டலுக்குத்தான் மெட்டா அனாலிசிஸ் என்று பெயர்.

இதே கேள்விக்கான காக்ரேன் மீளாய்வு 2020இல் புதுப்பிக்கப்பட்டபோது 20 நாடுகளிலிருந்து 27 ஆய்வுகள், 11,272 தாய்மார்கள், 11,925 குழந்தைகள். குழந்தை இறப்புக்கான எண் 0.78. அடைப்புக்குள் 0.70 முதல் 0.87 வரை என்று இருக்கும். ஊசி இல்லாமல் 100 குழந்தைகள் இறக்கும் இடத்தில் ஊசியோடு 78 இறக்கும். உண்மை 70க்கும் 87க்கும் இடையில் எங்கோ இருக்கலாம் என்று வாசிக்க வேண்டும். இரண்டு முனைகளும் 1க்குக் கீழே இருப்பதைக் கவனியுங்கள்.

படத்தின் அடியில் ஐ-ஸ்கொயர் என்று ஒரு சதவீதம் இருக்கும். ஆய்வுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்பதன் அளவு அது. ஆய்வுகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, இந்த எண் 80, 90 என்று ஏறியிருந்தால், கூட்டி வந்த சராசரி யாருக்கும் பொருந்தாமல் போகலாம். ஆட்டுக்கும் யானைக்கும் சராசரி எடை கண்டுபிடித்து என்ன செய்வது?

படி 5: விகிதத்தை ஆட்களாக மாற்றுங்கள்

"இறப்பு 16% குறைந்தது" என்பது விகிதக் கணக்கு. செய்தித்தாள்களுக்கு இது மிகவும் பிடிக்கும். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், கென்யா, நைஜீரியாவில் 29 மருத்துவமனைகளில் 2852 தாய்மார்களிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆக்‌ஷன் ஆய்வின் முடிவு அது. அதையே ஆட்களாகச் சொன்னால், டெக்சாமெத்தசோன் பெற்றவர்களின் குழந்தைகளில் 19.6% இறந்தன, பெறாதவர்களின் குழந்தைகளில் 23.5%. ஆயிரத்தில் 235 இறக்க வேண்டிய இடத்தில் 196. ஏறத்தாழ 25 தாய்மார்களுக்கு ஊசி போட்டால் ஓர் உயிர் கூடுதலாகத் தங்குகிறது. மிகப் பெரிய பலன் இது.

அதே 16% குறைவை, ஆயிரத்தில் 20 குழந்தைகள் மட்டுமே இறக்கும் இடத்தில் பொருத்திப் பாருங்கள். 20 என்பது சுமார் 17 ஆகும். விகிதம் ஒன்று, கைக்கு வருவது வேறு. விளம்பரம் எப்போதும் பலனை விகிதத்தில் சொல்லும், பக்க விளைவை ஆயிரத்துக்கு இத்தனை என்று சொல்லும். இரண்டையும் ஒரே படியால் அளக்கச் சொல்லுங்கள்.

படி 6: வராத ஆய்வு, நடக்காத ஆய்வு

கல்யாண வீட்டில் வந்தவர்களை எண்ணலாம், வராதவர்களை யார் எண்ணுவது? மருந்து வேலை செய்தது என்ற ஆய்வு அச்சேறும். வேலை செய்யவில்லை என்ற ஆய்வு மேசை இழுப்பறையில் உறங்கும். அச்சேறியதை மட்டும் கூட்டினால் வைரம் தானாக இடப்பக்கம் நகர்ந்துவிடும்.

இதற்கு டாமிஃப்ளூ கதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ஃப்ளூ காய்ச்சலுக்கான இந்த மாத்திரையைப் பெருந்தொற்று பயத்தில் நாடுகள் வாங்கிக் குவித்தன. பிரிட்டன் மட்டும் 42.4 கோடி பவுண்டு செலவழித்தது. மருத்துவமனையில் சேர்வதைக் குறைக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம், பத்து ஆய்வுகளைக் கூட்டிய ஒரு கட்டுரை. அந்தப் பத்தில் முழுமையாக அச்சேறியவை இரண்டு மட்டும்தான் என்று 2009இல் கெய்ஜி ஹயாஷி என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவர் சுட்டிக்காட்டினார். அவர் காக்ரேனுக்கு அனுப்பியது ஒரு சின்னக் குறிப்புதான். அதற்குப் பிறகு காக்ரேன் குழு மூல அறிக்கைகளைக் கேட்டு உற்பத்தி நிறுவனமான ரோஷுடன் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியது. கடைசியில் லட்சம் பக்கங்களுக்கு மேல் கிடைத்தன. 2014இல் வந்த முடிவு: பெரியவர்களுக்கு அறிகுறிகள் 7 நாளுக்குப் பதில் 6.3 நாளில் தணிகின்றன. மருத்துவமனைச் சேர்க்கை குறைகிறது என்பதற்கு நல்ல சான்று இல்லை. குமட்டலும் வாந்தியும் கூடுகின்றன.

அதனால்தான் ஆய்வு தொடங்கும்முன்பே பதிவு செய்யும் ஏற்பாடு வந்தது. இந்தியாவில் சிடிஆர்ஐ என்ற பதிவேடு 2007இல் தொடங்கி, 2009 ஜூன் முதல் மருந்து ஆய்வுகளுக்குக் கட்டாயமானது. யாரும் போய்த் தேடலாம். பதிந்து பல ஆண்டுகள் ஆகியும் முடிவு வெளிவராத ஆய்வு இருந்தால், அந்த மௌனத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இதைவிட மோசம், நடந்ததா என்றே சந்தேகப்பட வேண்டிய ஆய்வு. கோவிட் காலத்தில் ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி மருந்து இறப்பைப் பெருமளவு குறைக்கிறது என்று சில மெட்டா அனாலிசிஸ்கள் சொல்லின. அவற்றில் எடை மிகுந்திருந்தது எகிப்திலிருந்து வந்த, இதழில் அச்சேறாத ஒரு முன்பதிப்பு. அதன் தரவுகளில் ஒரே நோயாளியின் விவரங்கள் திரும்பத் திரும்ப நகலெடுக்கப்பட்டது போலிருந்ததைக் கண்டுபிடித்தவர் லண்டனில் படித்துக்கொண்டிருந்த ஒரு மருத்துவ மாணவர். 2021 ஜூலையில் அந்த முன்பதிப்பு விலக்கப்பட்டது. அதை நீக்கிக் கணக்கிட்டபோது "பெரும் பலன்" கரைந்தது. கூட்டல் கணக்கு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், மாவில் கல் இருந்தால் தோசையிலும் கல்தான். ஆகவே, ஒரே ஓர் ஆய்வை எடுத்துவிட்டால் வைரம் எங்கே போகிறது என்று பாருங்கள். நல்ல மீளாய்வுகள் இந்தச் சோதனையைத் தாங்களே செய்து காட்டும்.

படி 7: நம்பகத் தரம்

காக்ரேன் மீளாய்வுகளில் ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் உயர், நடுத்தரம், தாழ், மிகத் தாழ் என்று ஒரு தரம் இருக்கும். இது கிரேடு என்ற முறை. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து நடத்திய ஆய்வுகள் உயரத்தில் தொடங்கும். நடத்தியதில் குறை, ஆய்வுகளுக்குள் முரண், நம் கேள்விக்கு நேராகப் பொருந்தாமை, ஆட்கள் போதாமை, வெளிவராத ஆய்வுகள் இருக்கலாம் என்ற ஐயம் என ஐந்து காரணங்களில் எதற்கும் தரம் இறங்கலாம். "தாழ்" என்றால் மருந்து வேலை செய்யாது என்று பொருளல்ல. நாளை ஒரு பெரிய ஆய்வு வந்தால் முடிவு மாறக்கூடும் என்று பொருள். நம் ஊசி, குழந்தை இறப்பு விஷயத்தில், "உயர்" தரம் பெற்றிருக்கிறது.

அப்படியானால் சித்தப்பா பார்த்த இரண்டாவது செய்தி?

படி 8: யாருக்கு, எந்த இடத்தில்?

பணக்கார நாடுகளில் ஊசி வழக்கமான பிறகு, ஏழை நாடுகளின் கிராமங்களிலும் பரப்பினால் லட்சக்கணக்கான குழந்தைகள் பிழைக்குமே என்று எண்ணினார்கள். அர்ஜென்டினா, குவாத்தமாலா, ஜாம்பியா, கென்யா, பாகிஸ்தான், இந்தியா என ஆறு நாடுகளில் 2011 முதல் 2014 வரை ஏசிடி என்ற ஆய்வு நடந்தது. இந்தியாவில் பெலகாவியும் நாக்பூரும். ஊர்களைக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து ஊசியைப் பரப்பினார்கள். இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய ஒரு லட்சம் பிறப்புகள்.

2015இல் முடிவு வந்தபோது துறையே திகைத்தது. மிகக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளின் (குறைமாதத்துக்கு அடையாளமாக எடையைத்தான் எடுத்துக்கொண்டார்கள்) இறப்பு குறையவில்லை. எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால், ஊசி பரப்பிய பகுதிகளில் ஆயிரத்துக்கு 27.4 இறப்பு, மற்ற பகுதிகளில் 23.9. தாய்மார்களிடம் தொற்று இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டதும் கூடியிருந்தது.

ஊசி அதேதான், இடம் வேறு. பல கிராமங்களில் கர்ப்பம் எத்தனை வாரம் என்று சொல்ல ஸ்கேன் கிடையாது. ஊசி பெற்றவர்களில் பெரும்பாலோர் எடை மிகக் குறைந்த குழந்தையைப் பெறவே இல்லை. அவர்களுக்கு அந்த ஊசி தேவைப்பட்டிருக்காது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கோ, ஊசிக்குப் பிறகு வேண்டிய பராமரிப்பு பக்கத்தில் இல்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஐந்தாம் படியில் பார்த்த ஆக்‌ஷன் ஆய்வு நடந்தது. ஏழை நாடுகள்தான், ஆனால் மருத்துவமனைகள். வாரக்கணக்கை ஸ்கேனில் உறுதி செய்தார்கள். தொற்று இருந்த தாய்மார்களைச் சேர்க்கவில்லை. அங்கே ஊசி உயிர் காத்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

ஆக, சித்தப்பாவின் இரண்டு செய்திகளும் சண்டை போடவில்லை. ஒவ்வொன்றும் வேறொரு தாயைப் பற்றிப் பேசுகிறது. வராந்தாவிலிருந்து உள்ளே போய் அவர் டாக்டரிடம் கேட்க வேண்டியவை இவைதான்: "ஸ்கேன்படி இப்ப எத்தனை வாரம் ஆகுது டாக்டர்? ஒரு வாரத்துக்குள்ள பிரசவம் ஆயிடும்னு நினைக்கிறீங்களா? அவளுக்குக் காய்ச்சல், நீர்க்குடத்துல தொற்று எதுவும் இல்லையே? குழந்தை பொறந்தா வச்சுப் பாக்க இன்குபேட்டர், மூச்சுக்கு மெஷின் எல்லாம் இங்கயே இருக்கா, இல்ல இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணுமா?"